நோராவுக்குச் சாடையாச் சுகமில்லை

1

நாடு விட்டு வந்தவனுக்கு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் முதலில் வயிறுதான் அதை எடுக்கும். காது பிறகுதான். அன்றைக்கு வந்தது எங்கள் நாட்டு இலக்கமும் இல்லை, அயர்லாந்து இலக்கம். அயர்லாந்தில் எனக்குச் சாவதற்கு ஒருவரும் இல்லை என்று வயிற்றுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அது கேட்கவில்லை.

புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. பிஸ்கற் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை முடித்து வந்து, குசினியில் நின்று முதல்நாள் புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் ஐலீன். எங்கள் பக்கத்து வீட்டு மோரீனின் பெறாமகள், அதாவது மோரீனின் தங்கை நோராவின் மகள். மோரீனுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காது மந்தம். தொலைபேசி அடித்தால் கேட்காது. அதனால் அந்த வீட்டுச் சாவி ஒன்று என்னிடம், என்னுடைய இலக்கம் ஐலீனிடம்.

"ரவி, அம்மா செத்துப்போனா," என்றார் ஐலீன். "இரவு நித்திரையில. நீ போய் மோரீனுக்குச் சொல்லுவியோ?"

(இந்த அயர்லாந்துக்காரர் பேசியதையெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன். அவர்களுடைய ஆங்கிலம் எனக்கு விளங்கவே இரண்டு வருடம் எடுத்தது. விளங்கத் தொடங்கிய பிறகு எனக்கு அது இப்படித்தான் கேட்கிறது.)

அவ்வளவுதான். ஒரு இழுவை இல்லை, ஒரு முன்னுரை இல்லை. நான் பதறிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? "தாங்க்யூ வெரி மச்" என்றேன். தாயைப் பறிகொடுத்தவருக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐலீன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அடக்கப் பூசை என்றார். இங்கே மெல்பேணில் அது இரவு எட்டு மணி. கோயிலில் கமரா இருக்கிறது, கணினியில் பார்க்கலாம். பெட்டியைத் தூக்குவதற்கு முன் மோரீன் பாட வேண்டும், அக்காவும் தங்கையும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறார்கள். தொலைபேசியில் பாடினால் கோயில் ஒலிபெருக்கியில் போடுவார்களாம். "நேரம் கிடக்கு, அவ ஆயத்தப்படட்டும்," என்றார்.

நேரம் கிடந்தது. அதை வீணாக்குவதற்கென்றே நானும் கிடந்தேன்.

2

மோரீனை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். நாங்கள் கிளேட்டனில் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது ஒழுங்கை முழுவதும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். மாறாத முகம் மோரீனுடையது மட்டும்தான். இருபது வயதில் கப்பலில் வந்தவர். ஒரு பெரிய சலவைச்சாலையில் வேலை செய்து, கல்யாணம் முடித்து, கணவரை அடக்கம் செய்து, மகன் பேர்த்துக்குப் போய்விடத் தனியாக இருப்பவர். சனிக்கிழமை பின்னேரங்களில் பழைய இசைத்தட்டுகள் போடுவார். காது மந்தம் என்பதால் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான் போடுவார்.

எல்லாம் ஊரைவிட்டுப் போன அயர்லாந்துக்காரரின் பாட்டுகள். அவருடைய தாய் தகப்பன் காலத்துக்கும் முந்தியவை. சில வாரங்களிலேயே எனக்கு அமைப்புப் பிடிபட்டுவிட்டது. முதல் சரணத்தில் கப்பல் வெளிக்கிடும். இரண்டாம் சரணத்தில், அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்று காதலிக்கோ தாய்க்கோ வாக்குக் கொடுப்பான். மூன்றாம் சரணத்தில் யாராவது செத்துப்போவார்கள். இவ்வளவுக்கும் மெட்டுத் துள்ளும். அழுகிற பாட்டுக்குக் காலால் தாளம் போடுகிற சனத்தை நான் அந்த வீட்டில்தான் கண்டேன்.

ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் கண்ணைத் துடைத்ததை மோரீன் கண்டுவிட்டார். வெங்காயம் என்றேன். தன் வீட்டில் வெங்காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதைப் பாடுறவன் நியூயோர்க்கில பிறந்தவன். எழுதினவன் லண்டன்காரன். அயர்லாந்தைக் கனவிலயும் கண்டிருக்கமாட்டான். நாடகக் கொட்டகையில ரிக்கற் விக்கிறதுக்கு எழுதினது."

"பிறகேன் நீங்கள் அழுறியள்?"

"அவன் பொய்யன். ஆனா நான் வந்தது உண்மைதானே."

அவர் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு வீட்டில் செத்தவீடு நடந்ததாம். உயிரோடு இருக்கிறவருக்குச் செத்தவீடு. அந்தக் காலத்தில் கப்பலேறுகிறவன் திரும்பி வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பிணத்தோடு விழித்திருப்பதுபோல அவனோடு ஊர் விழித்திருக்கும். குடிப்பார்கள், ஆடுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள். மோரீனின் காலத்தில் அந்த வழக்கம் முக்கால்வாசி ஒழிந்துவிட்டது. தகப்பன் பிடிவாதமாகச் செய்தாராம். அந்த இரவில் பதினான்கு வயது நோராவும் மோரீனும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். யார் முந்திப் போனாலும் மற்றவள் இதைப் பாட வேண்டும் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் மோரீன் தானே பெரிய சத்தமுள்ள தொலைபேசியில் நோராவுக்கு எடுத்துக் கதைத்து முடித்ததும் ஒத்திகை மாதிரி ஒரு சரணம் பாடிவிட்டுத்தான் வைப்பார்கள்.

எங்கள் பயணத்தை நினைத்துப் பார்த்தேன். நானும் மனைவி சுமதியும் நான்கு வயது மகளோடு இங்கே வரப் படகேற வெளிக்கிட்டபோது அம்மாவுக்குக் கொழும்புக்குப் போவதாகத்தான் சொன்னோம். அம்மாவும் கொழும்புக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோலவே வழியனுப்பினார். பிள்ளைக்கு மட்டும் ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்து பையில் வைத்தார். கொழும்பில் யார் கம்பளிச் சட்டை போடுகிறார்கள்? அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் முறை அது.

3

அந்த முறைக்குத்தான் வருகிறேன். எங்கள் ஆட்களிடம் சாவை ஒரேயடியாகச் சொல்லக்கூடாது. தவணை முறையில் சொல்ல வேண்டும். முதல் தவணை, "சாடையாச் சுகமில்லை," அதாவது லேசாக. இரண்டாவது, "ஆஸ்பத்திரியில விட்டிருக்கு." மூன்றாவது, "கொஞ்சம் சீரியஸ்." நான்காவது தவணையைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய ஆள் தொலைபேசியில் அழுவார், கேட்கிற ஆளும் அழுவார், கணக்கு முடிந்துவிடும்.

சுமதி வேலையால் வந்ததும் கலந்து பேசினோம். அவவும் என் கட்சிதான். "தனிய இருக்கிற மனுசி, நெஞ்சடைச்சுப் போகும். முதல்ல வருத்தம் எண்டு தொடங்குங்கோ," என்றா. மகள் அபிரா படிப்பு மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, தட்ஸ் லையிங்," என்றாள். பொய் இல்லை, பக்குவம் என்றேன். பக்குவத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதெல்லாம் அவள் என்னோடு பேசுவது இப்படித்தான்: ஒரு வசனம், ஒரு கேள்வி, கதவு.

நான் போனபோது மோரீன் கால்களுக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, துக்க முகத்தோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்:

"நோராவுக்குச் சாடையாச் சுகமில்லையாம்."

எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சுவரைப் பிடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலைநாளில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து இப்படிச் சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மோரீன் என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்ன, தடிமனோ?" என்றார்.

நான் எதிர்பார்க்காத கேள்வி. "இருமல்," என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பயந்தவன் வாய்க்கு முதலில் வருவதைச் சொல்லுவான்.

"அவளுக்குச் சின்ன வயசில இருந்தே நெஞ்சு பலமில்லை," என்றார் மோரீன். அலுமாரியைத் திறந்து ஒரு கார்டை எடுத்தார். முன்பக்கம் பூச்செண்டு, கெதியில் சுகமடைய வாழ்த்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் எழுதி, முத்திரை ஒட்டி, தபாலில் போடும்படி என்னிடம் தந்தார்.

செத்துப்போன மனுசிக்குச் சுகம் விசாரித்து எழுதிய கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். அதைத் தாண்ட அன்றைக்கு எனக்குக் கனநேரம் எடுத்தது.

4

வியாழக்கிழமை அடுத்த இரண்டு தவணைகளையும் சேர்த்தே கட்டிவிடத் தீர்மானித்தேன். வேலையில் பிஸ்கற் பெட்டிகளை அடுக்கியபடி ஒத்திகை பார்த்தேன். பின்னேரம் போய் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள் என்றேன். நல்லது, அங்கே தாதிமார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். இனி வேறு வழியில்லை என்று, "நோரா இஸ் சீரியஸ்," என்றேன்.

மோரீன் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். "நோராவோ? அவள் வாழ்க்கையில ஒருநாளும் சீரியஸா இருந்ததில்லை. பூசையில சிரிச்சுப் பாதிரியாரிட்ட அடி வாங்கினவள்."

நானும் சிரித்தேன். சாவு சொல்லப் போன இடத்தில் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நரகத்தில் தனி அறை ஒதுக்கியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் பாடலாம், அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்று சொல்லி, தொண்டையைச் சரிசெய்து பாடத் தொடங்கினார். வயதான குரல். உச்சத்தில் நூல்போல மெலிந்துபோகும், ஆனால் அறாது. பாட்டில் தங்கச்சி கரையில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் முறையில் பொய் சொல்ல ஒரு ஆள் போதாது. இரண்டு பேர் வேண்டும். சொல்கிறவன் சாடையாகச் சொல்ல வேண்டும், கேட்கிறவன் முழுதாக விளங்கிக்கொண்டு, விளங்காததுபோல அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குள்தான் அழுகை எல்லாம் நடக்கும். அம்மா செத்தபோது நான் என் பங்கை ஒழுங்காகச் செய்தேன். திங்கட்கிழமை அத்தான் எடுத்து, "மாமிக்குச் சாடையாக் காய்ச்சல்," என்ற உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றபோது சுமதி சாமி விளக்கை ஏற்றாமல் விட்டா. சீரியஸ் என்றபோது நான் மொட்டை அடிக்கத் தலைமயிர் வெட்டுகிற கடையைத் தேடிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அக்கா அழுதபோது அங்கே எல்லாம் முடிந்து, சாம்பலும் கீரிமலைக் கடலில் கரைந்திருந்தது.

முதலே தெரிந்திருந்தாலும் நான் போயிருக்க முடியாது என்பதுதான் எல்லோருடைய சமாதானமும். எங்களிடம் அப்போது இருந்தது தற்காலிக விசா. உலகத்தில் வேறு எந்த நாட்டுக்குப் போவதென்றாலும் அனுமதி கேட்கலாம். அம்மா இருந்த நாட்டுக்கு மட்டும் கேட்கக்கூடாது. அங்கே பயம் என்றுதானே வந்தாய், பிறகு ஏன் போகிறாய் என்பது விசா அதிகாரிகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். பதில் செத்துப்போயிருந்தது.

ஆனால் மோரீனுக்கு விசாத் தடை இல்லை. கமரா இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. தடை என்று இருந்தது நான் ஒருவன்தான்.

5

வெள்ளிக்கிழமை வேலை இடைவேளையில் ஐலீனின் செய்தி வந்திருந்தது. மோரீன் பாடச் சம்மதமா, எந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டும் என்று. நான் அரைநாள் லீவு போட்டேன். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். செத்தவீடு என்றேன். யார் என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

மோரீன் மதியச் சாப்பாடு முடித்துக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இந்தமுறை குனியவில்லை. குழாயைப் பூட்டிவிட்டு, அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"மோரீன், நோரா செத்துப்போனா."

ஈரக்கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை இரவு. நித்திரையில. எனக்குப் புதன்கிழமை தெரியும்."

"நான் புதன்கிழமை அவளுக்குக் கார்ட் எழுதினனான், ரவி."

"ஓம்."

"நேற்று நீ நிண்டு கேக்க நான் பாடினனான்."

"ஓம். எங்கட ஊரில இப்பிடித்தான் சொல்லுறது. கொஞ்சம் கொஞ்சமா. மனம் தாங்கவேணும் எண்டு."

என்னை நேராகப் பார்த்தார். கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது, நான் பார்க்கத் துணியவில்லை.

"அப்ப உங்கட ஊரில," என்றார், "செத்தவீட்டுக்குப் போய்ச் சேர ஆக்களுக்கு நேரம் காணுமோ?"

எந்த இடத்திலும் ஒரு பகிடி விட்டு, சிரிக்கவைத்துத் தப்புகிறவன் நான். அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. காணாது, நேரம் போதாது என்றேன்.

எட்டு மணிப் பூசையையும் கணினியையும் தொலைபேசியில் பாடுவதையும் பற்றிச் சொன்னதும் அவர் என்னை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். நான் படியில் குளிருக்குள் இருந்தேன். உள்ளே இருந்து வந்த சத்தத்தை எழுத மாட்டேன். பொழுதுபட்டு நல்லாய் இருட்டிய பிறகு கதவு திறந்தது. கறுப்புச் சட்டை, முத்துமாலை, உதட்டுக்குச் சாயம். "உன்ர மகளைக் கூப்பிடு. உனக்கு அந்தக் கணினி ஒண்டும் தெரியாது," என்றார்.

நான் ஐலீனுக்கு என் இலக்கத்தையே அனுப்பினேன். அபிரா வந்து திரையில் கோயிலை எடுத்துக் கொடுத்தாள். பிறகு போகாமல் தரையில் இருந்துகொண்டாள். சுமதியும் வந்தா. பெரிய மேற்கூரை, சின்னச் சனக்கூட்டம், நடுவில் பெட்டி. பூசை முடிகிற நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. ஐலீன் ஒரு சொல்தான் சொன்னார். நான் அதை மோரீனின் வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

பாடினார். மூன்று சரணமும் பாடினார். கண்ணை மூடவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு பாடினார். ஆனால் திரையில் ஒருவரும் அசையவில்லை. பாதிரியார் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். சனம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று நினைத்தேன். மோரீன் கடைசி வரியைப் பாடி முடித்து வாயை மூடினார்.

அபிராதான் சொன்னாள், தமிழில் சொன்னாள்: "பொறுங்கோ. படம் பிந்தித்தான் வரும்."

பிறகு திரைக்குள்ளே மோரீனின் குரல் எழுந்தது. கோயிலின் உயரத்துக்கு அது வேறு குரலாக இருந்தது, பெரிதாக இருந்தது. முன்வரிசையில் ஐலீன் முகத்தைப் பொத்துவது தெரிந்தது. இரண்டாம் சரணத்தில் ஒரு கிழவர் சேர்ந்துகொண்டார், பிறகு பின்னால் இருந்த பெண்கள். மூன்றாம் சரணத்தில் அவ்வளவு பேரும் பாடினார்கள். தன் பங்கைப் பாடி முடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முடிந்துபோன தன் பாட்டை அவர்கள் கேட்பதை மோரீன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

கமரா வாசலைக் காட்டாது. பெட்டி திரையின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சனம் எழும்பிப்போன வெறும் வாங்குகளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

6

கணினியை மூடிய பிறகு மோரீன் என்னிடம் கேட்டார், உன் தாய்க்கு நீ என்ன பாடினாய் என்று. எங்கள் வீட்டில் நான் பாடினால் செத்தவர்களும் எழும்பிப் போய்விடுவார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அபிராவும் சிரிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு அக்காவுக்கு எடுத்தேன். ஞாயிறு எடுக்கிறவன் சனி எடுத்தால் அக்காவுக்கும் வயிறு இருக்கிறது அல்லவா. "என்ன தம்பி, ஆருக்கும் ஏதுமோ?" என்றார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அம்மாவைப் பற்றிக் கேக்க எடுத்தனான். அம்மா செத்தண்டைக்கு என்ன நடந்தது? மறைக்காமச் சொல்லுங்கோ."

இவ்வளவு காலமும் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, எல்லாம் என் தலைக்குள் இருந்தது. பெரியாஸ்பத்திரி வாட்டு, இரும்புக் கட்டில், மேலே சத்தம் போடுகிற மின்விசிறி. மூலையில் ஒரு தாதியைக்கூட நிறுத்தியிருந்தேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி மூச்சை விடுவார். அந்தக் கடைசிப் பகுதி மோரீனின் இசைத்தட்டுகளில் இருந்து இரவல் வாங்கியது. ஒவ்வொரு திவசத்துக்கும் நான் அந்த வாட்டுக்குத்தான் போய் அழுதுவிட்டு வருவேன்.

அக்கா சொன்னார்:

"அம்மா ஆஸ்பத்திரிக்கே போகேல்லை, தம்பி."

"காய்ச்சல்?"

"காய்ச்சலும் இல்லை. அது உனக்குச் சொல்லுறதுக்கு அத்தான் சொன்னது. அம்மா கிணத்தடியில முழுகிப்போட்டு வந்து, தலை காயட்டும் எண்டு வெளியில கதிரையைப் போட்டு இருந்தவ. நான் தேத்தண்ணியோட வாறன், கதிரையில இருந்தபடியே ஆள் முடிஞ்சுது."

கட்டிலை அகற்ற வேண்டியிருந்தது. மின்விசிறியை, தாதியை. வாட்டு முழுவதையும் காலி செய்துவிட்டு அந்தக் கதிரையைக் கொண்டுவந்து வெயிலில் வைக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. அக்கா காத்திருந்தார்.

"என்னைக் கேட்டவவோ?" என்றேன்.

"இல்லையடா. என்னையும் கேக்கேல்லை. கேக்க நேரம் இருக்கேல்லை. அண்டைக்குக் காலமை முழுக்கத் தேங்காய்க்காரனோட சண்டை."

"என்ன சண்டை?"

"உனக்கு உண்மையாத் தெரியவேணுமோ?"

"எல்லாம் தெரியவேணும்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா அன்று காலை எழும்பியதிலிருந்து தொடங்கினார். நான் இடையில் ஒரு பகிடியும் விடவில்லை.